மூக்குச் சொறிய மூன்று புள்ளி

நல்லம்மாவுக்கு ஒரே வியாழக்கிழமையில் இரண்டு விஷயங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஒன்று, தன்னால் முடியாது என்பது. மற்றது, தன்னால் முடியும் என்பது. இரண்டையும் ஒரே டாக்டரிடம், ஒரே தாளில் நிரூபிக்க வேண்டும். படித்தவர்களுக்கே தலை சுற்றுகிற பரீட்சை இது. நல்லம்மாவோ தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

விவரம் இதுதான். அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இலங்கையில் நமுனுகுல மலைப்பக்கம், பச்சைக்கல் தேயிலைத் தோட்டம். பத்தொன்பது வயது வரைக்கும் எல்லாரையும் போலக் கூடை போட்டுக் கொழுந்து பறித்தாள். பிறகு மேட்டில் ஏறும்போது தொடை மக்கர் பண்ணத் தொடங்கியது. தரையில் உட்கார்ந்தால், கையை முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறி ஊன்றி, தன்மேல் தானே ஏறித்தான் எழும்ப முடிந்தது. வேப்பிலை அடித்துப் பார்த்தார்கள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னார்கள். தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும், மருந்து கிடையாது, உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் அதைச் சதை கரைகிற வியாதி என்று சொல்லிக்கொண்டார்கள். நல்லம்மா அழ வேண்டியதையெல்லாம் இருபத்தைந்து வயதுக்குள் அழுது முடித்துவிட்டாள். அதற்கப்புறம் அழ நேரமில்லை, வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

வேலை தேயிலை ஸ்டோரில். ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். காய்ந்து சலித்து வருகிற தேயிலையில் கிடக்கிற குச்சியைப் பொறுக்கி எடுக்க ஒன்பது பெண்கள் இருந்தார்கள். எட்டுப் பேர் தரையில் காலை நீட்டி உட்காருவார்கள், நல்லம்மா சக்கர நாற்காலியில் உட்காருவாள். நாற்காலியின் இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே அண்ணன் சின்னராசா ஒரு பலகை வைத்துக் கொடுத்திருந்தான். முழங்கை இரண்டையும் பலகையில் ஊன்றிவிட்டால் போதும், மிச்சத்தை விரல்கள் பார்த்துக்கொள்ளும். சின்னராசாவுக்கும் ஸ்டோரில்தான், தேயிலை காய வைக்கிற அடுப்படியில் வேலை. காலையில் தங்கச்சியைத் தள்ளிக்கொண்டு போவான், சாயந்தரம் தள்ளிக்கொண்டு வருவான். லயத்துக்கும் ஸ்டோருக்கும் நடுவில் நல்ல வண்டிப்பாதை இருந்தது அவர்கள் செய்த புண்ணியம்.

அந்த நாற்காலி இரவல். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். வருஷா வருஷம் டாக்டர் பார்த்து, ‘இவரால் நடக்க முடியாது’ என்று எழுதினால்தான் அடுத்த வருஷத்துக்கும் கிடைக்கும். வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். இதுவரைக்கும் அதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை. ஐம்பத்தேழாம் வருஷம்தான் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். கெட்டவரில்லை, ஆனால் எதையும் தாளில் எழுதிக் காட்டினால்தான் நம்புவார். ஸ்டோரைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நாற்காலியைக் கண்டதும் நின்றார். வேலை செய்யத் தகுதியானவள் என்று டாக்டர் எழுதித் தரட்டும், இல்லாவிட்டால் மாத முடிவில் செக்ரோல் பதிவேட்டில் பேரை வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேரை வெட்டினால் அவள் பட்டினி கிடக்கப் போவதில்லை. அண்ணன் சோறு போடுவான், அண்ணன் பெண்டாட்டி இராக்கம்மாவும் முகம் சுளிக்கிறவளில்லை. ஆனால் காலையில் சங்கு ஊதி எல்லாரும் போன பிறகு, லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்க்கவே நல்லம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டோரில் தேயிலை வாசம் இருந்தது, எட்டுப் பெண்களின் ஊர்க்கதை இருந்தது, அவர்களில் மூக்காயியின் கெட்ட வார்த்தை இருந்தது. அதையெல்லாம் விட அவளுக்கு மனசில்லை. நாற்காலி போனாலும் அதே கதிதான். தரையில் உட்கார்ந்தால் அவள் சாய்ந்து விழுவாள்.

இந்த மாதிரி நேரத்தில் புத்தி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? புதன்கிழமை சாயந்தரம் இராக்கம்மா தலை வாரிவிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள். “இந்தா பாரு நல்லம்மா, டாக்டரு கையத் தூக்குன்னா தூக்கிராத. ஒனக்குக் கொஞ்சம் முடியுதுன்னு தெரிஞ்சா, வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. மூட்டை மாதிரி உக்காந்திரு. மிச்சத்த ஒங்கண்ணன் பேசட்டும்.”

ஸ்டோரில் டீமேக்கர் றஹீம் வேறு மாதிரி சொல்லியிருந்தார். தேயிலை பதம் பார்த்து இறக்குகிற பொறுப்பு அவருடையது. தொண்டை பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. “அங்க போய் முடியாது முடியாதுன்னு பொலம்பாத. எதைக் கேட்டாலும் செஞ்சு காட்டு. டாக்டர் நல்லா எழுதுனாத்தான் தொரைகிட்ட நான் வாயத் தொறக்கலாம்.”

நல்லம்மா இரண்டு பேருக்கும் தலையை ஆட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

வியாழக்கிழமை காலையில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறியில் தெமோதரை ஸ்டேஷன் வரைக்கும் போனார்கள். பெட்டிகளுக்கு மேலே நாற்காலியைக் கட்டி, முன்னால் டிரைவர் பக்கத்தில் அண்ணனும் தங்கச்சியும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அங்கிருந்து ரயில். பதுளையில் இறங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் சின்னராசா தள்ளினான். வழி முழுக்க நல்லம்மாவுக்கு ஒரே யோசனை. எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டே வந்தாள். காலுக்கு மதினி இராக்கம்மா சொன்னது. கைக்கு டீமேக்கர் ஐயா சொன்னது. கழுத்துக்கு யார் சொன்னதைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் இரகுநாதன் யாழ்ப்பாணத்து மனிதர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மேசையில் பென்சில்களை உயர வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். அவர் முன்னால் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. சீமையில் யாரோ யோசித்து அனுப்பிய தாள். மொத்தம் பத்துக் கேள்வி. நடக்க முடியுமா, நிற்க முடியுமா, படி ஏற முடியுமா, தரையிலிருந்து எழும்ப முடியுமா என்று எட்டுக் கேள்வி காலுக்கு. மிச்சம் இரண்டு கைக்கு.

காலுக்கு வந்த எட்டுக்கும் எட்டுச் சைபர் விழுந்தது. அதில் நடிக்க ஒன்றுமில்லை. மதினியின் மானம் காப்பாற்றப்பட்டது.

“இப்ப வலது கையைத் தலைக்கு மேல தூக்கும், பாப்பம்.”

நல்லம்மா தூக்கப் போனாள். மதினி ஞாபகம் வந்தது, கையை மடியிலேயே விட்டாள்.

“ஏலாதோ? சரி.” டாக்டர் பேனாவை எடுத்தார். உடனே அவளுக்கு டீமேக்கர் ஞாபகம் வந்தது. உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, கையை ஒரு வீசு வீசி, காதுவரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

டாக்டர் பேனாவை வைத்தார். “இன்னொருக்கா செய்யும்.”

இப்போது கை தோளோடு நின்றது. மூன்றாம் தரம் எழும்பவே இல்லை. நாலாம் தரம் மறுபடி காது. பின்னால் நின்ற சின்னராசா இருமினான். என்ன அர்த்தத்தில் இருமினான் என்று அவனுக்கே தெரியாது.

டாக்டர் தாளைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அந்த மெதுவில் சூடு இருந்தது. “இது நோயோ, நடிப்போ? நான் கண்டதைக் கண்டபடி எழுதினால் என்ன நடக்கும் தெரியுமே? சக்கரக் கதிரை திரும்பி வரவேண்டும். தோட்டத்துக்கும் கடிதம் தர ஏலாது. நடிக்கிற ஆளுக்கு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுறது?”

நல்லம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டையும் காப்பாற்றப் போய் இரண்டையும் தொலைத்துவிட்டோமே என்று பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. வாழ்நாளில் யாரும் அவளை நடிக்கிறாள் என்று சொன்னதில்லை. அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மதினி சொன்னது, டீமேக்கர் சொன்னது, துரை கேட்ட கடிதம், மாத முடிவு, காம்பராவின் சுவர், ஒன்று விடாமல்.

“முடியாதுன்னு சொன்னாத்தான் வண்டிங்க, முடியும்னு சொன்னாத்தான் வேலைங்க. நான் என்னங்க செய்ய?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், மீசை ஓரம் அசைந்தது. “அந்த ஆக்கள் சொன்னதை விடும். நீர் உண்மையில செய்யிறதைக் காட்டும்.”

“நான் செய்யிறது ஒண்ணுமே இந்தத் தாள்ல இல்லையேங்க, ஐயா.”

டாக்டர் தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. அவருக்கும் அந்தத் தாள்மேல் வெகு நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த வியாதியோடு நாற்காலியில் இருக்கிற பதினொரு பேரை அவர் வருஷா வருஷம் பார்த்துவந்தார். ஒருத்தர் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கடைக்குப் போய்வருவார். இன்னொருத்தருக்கு முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட முடியாது. தாளில் பார்த்தால் பதினொரு பேரும் ஒரே ஆள்தான், எல்லாருக்கும் சைபர். நடப்பதை நிறுத்திய அன்றைக்கே மனிதன் முடிந்துபோனான் என்பது அந்தத் தாளின் எண்ணம். தாளைச் செய்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

டாக்டர் தாளைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு, “சொல்லும், பிள்ளை. விடிஞ்சதில இருந்து என்ன என்ன செய்வீர்?” என்றார்.

நல்லம்மா சொல்லத் தொடங்கினாள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவது. சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது. தலையைக் குனிந்து கொடுத்துக் கூந்தலின் நுனியை மட்டும் வாருவது. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகுவது. சமதரையில் நாற்காலியை ஸ்டோர் வாசலிலிருந்து ஜன்னல்வரைக்கும் தானே உருட்டுவது. தேயிலைத் தட்டைப் பலகையில் இழுத்துக்கொள்வது. குச்சி பொறுக்குவது.

“அப்புறம், மூக்கச் சொறியிறதுங்க.”

“அது வேண்டாம். அதெல்லாம் ஒரு வேலையோ?”

“ஐயாவுக்கு மூக்கு அரிச்சா என்ன செய்வீங்க?”

“சொறிவன்.”

“எனக்கு முடியாட்டி, அண்ணன அடுப்படியிலேர்ந்து கூப்புட முடியுங்களா? தேயிலைத் தூசி ஐயா, நாள் முழுக்க அரிக்கும்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். பட்டியல் பதினாலில் வந்து நின்றது. சுலபமாகச் செய்தால் மூன்று புள்ளி, சிரமப்பட்டுச் செய்தால் இரண்டு, இன்னொருவர் கைகொடுத்துச் செய்தால் ஒன்று, முடியாவிட்டால் சைபர் என்று வைத்துக்கொண்டார்கள். ‘வைத்துக்கொண்டார்கள்’ என்று நான் சொல்வது சும்மா இல்லை. நல்லம்மா ஒவ்வொரு புள்ளிக்கும் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

குச்சி பொறுக்குவதைச் சோதிக்கத் தேயிலைக்கு எங்கே போவது? சின்னராசா தோட்டத்தில் கொடுக்கிற தூளில் ஒரு பொட்டலம் டாக்டருக்கென்று கொண்டுவந்திருந்தான். அதைத்தான் பிரித்துப் பலகையில் கொட்டினார்கள். தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கிற தூளில் தேயிலையைவிடக் குச்சி அதிகம், ஆகவே பரீட்சைக்குக் குறைவில்லை. நல்லம்மா முழங்கைகளை ஊன்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். விரல்கள் பலகைமேல் தாமாக நடந்தன. குச்சி ஒரு பக்கமும் தூள் ஒரு பக்கமுமாகப் பிரிவதை டாக்டர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் செய்யிறீர். ஆனால் முழங்கை ஊண்டித்தானே செய்யிறீர், பலகை இல்லாட்டி ஏலாது. இதுக்கு ரெண்டுதான் போடலாம்.”

“ஐயா எழுதுறப்ப எப்படி எழுதுறீங்க?”

டாக்டர் தன் கையைப் பார்த்தார். முழங்கை மேசைமேல் நன்றாக ஊன்றியிருந்தது. ஒரு நிமிஷம் எடுத்துப் பார்த்தார், எழுத்துக் கோணியது. மறுபடி ஊன்றிக்கொண்டு, இரண்டை அடித்து மூன்று போட்டார். மூக்குச் சொறிவதற்கும் மூன்று விழுந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அவள் சொறிந்த சொறியில் குறை சொல்ல இடமிருக்கவில்லை. கூந்தலுக்கு ஒன்றுதான். அதற்கு அவளும் சண்டை பிடிக்கவில்லை.

பதினாலும் முடிந்து கூட்டிப் பார்த்தால், நாற்பத்திரண்டுக்கு இருபத்தொன்பது.

“இனிக் கதிரை இல்லாமல் பாப்பம். சின்னராசா, தங்கச்சியைத் தூக்கி அந்த வாங்கில இருத்தும்.”

சின்னராசா நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். “ஏங்க, ஐயா?”

“இருத்தும், சொல்லுறன்.”

முதுகு சாய இடமில்லாத அந்தப் பெஞ்சில் உட்கார வைத்து, அதே பதினாலையும் டாக்டர் திரும்பச் செய்யச் சொன்னார். நல்லம்மா விழாமல் இருக்க ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்தது. மற்றக் கை தனியாக என்ன செய்யும்? டம்ளர் பாதி வழியில் நின்றது. தட்டு நழுவியது, டாக்டருக்கு வந்த தேயிலை தரையெல்லாம் சிந்தியது. அண்ணன் பிடிக்காவிட்டால் அவளும் சிந்தியிருப்பாள். இந்தத் தடவை அவள் எதையும் ஒளிக்கவில்லை, எதையும் கூட்டவில்லை. நாற்பத்திரண்டுக்கு ஐந்து.

டாக்டர் தாளின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். ஒரு பக்கம் ‘கதிரையோடு: 29’. மறுபக்கம் ‘கதிரை இல்லாமல்: 5’. அதைப் பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வாழ்க்கையில் ஒரு முறையாவது மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு தாள் அமைகிற ஆனந்தம் எல்லாருக்கும் புரியாது.

“நீர் ரெண்டு பொய் சொல்லப் பாத்தீர். ஒரு உண்மையே ரெண்டுக்கும் போதும். கதிரை இல்லாட்டி ஏலாது எண்டதும் இதில இருக்கு. கதிரை இருந்தால் ஏலும் எண்டதும் இதிலயே இருக்கு.” பிறகு அவர் குரல் இறங்கியது. “ஒண்டு சொல்ல வேணும், பிள்ளை. வாற வருஷம் இந்த இருபத்தொன்பது குறையும். அதுக்கு அடுத்த வருஷம் இன்னும் குறையும்.”

“குறையட்டுங்க. எது போச்சுன்னு இனிமே தெரியும்ல? இவ்வளவு நாளும் சைபராவே இருந்தா, அதுல எது போச்சுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கைல என்ன இருக்குன்னு இப்பத்தாங்க யாரோ கேட்டிருக்காங்க.”

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் கண் கலங்கினாள். ஆனால் அது சந்தோஷம்தான். திரும்பி வருகிற ரயிலில் சின்னராசா வாங்கிக் கொடுத்த வடையைத் தானே பிய்த்துத் தின்றுகொண்டு, அதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டுச் சிரித்தாள்.

நாற்காலிக்கு இன்னொரு வருஷத்துக்கு ஆஸ்பத்திரியிலேயே கையெழுத்து விழுந்தது; கடிதமும் தாளும் துரைக்குப் போய்ச் சேர்ந்தன. செவ்வாய்க்கிழமை காலையில் துரை தாளைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்டோருக்கு வந்தார். இரண்டு எண்ணும் அவருக்குப் பிடித்திருந்தன. ஆனால் இருபத்தொன்பது என்றால் தேயிலைக் கணக்கில் எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒன்பது பேருக்கும் ஒரே அளவாகத் தேயிலையை நிறுத்துக் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் யார் எவ்வளவு சுத்தம் பண்ணுகிறார்கள் என்று பாருங்கள் என்றார்.

மற்ற எட்டுப் பேரும் அவசரமாகத் தட்டை இழுத்துக்கொண்டார்கள். இவளுக்கு வந்த வினை நம் தலையில் விடிகிறதே என்று மூக்காயி முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே மின்னல் மாதிரிப் பொறுக்கினாள். நல்லம்மாவுக்குக் கை வேர்த்து, குச்சி விரலில் ஒட்டிக்கொண்டது. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் பொறுக்கினாள். பாதி மணியில் வலது தோள் எரிந்தது. இடது கைக்கு மாறினாள். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. யாராவது அவளுக்காகக் கையை மெதுவாக்கிக்கொள்கிறார்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. மூக்காயியின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் அந்தச் சந்தேகம் போய்விட்டது.

றஹீம் ஒவ்வொரு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மிச்சமிருந்த குச்சியை எண்ணி, சுத்தமானதை நிறுத்தார். அவருக்கு நல்லம்மா மேல் பிரியம் உண்டுதான். தேயிலை என்று வந்தால் பெற்ற தாயையும் பார்க்க மாட்டார். பேரையெல்லாம் வரிசையாக வாசித்தார். மூக்காயி முதலாவது. நல்லம்மா நாலாவது.

துரை ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரைக்கும் வந்த ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளின் அடியில் ஏதோ கிறுக்கிக் கையெழுத்துப் போட்டு றஹீமிடம் கொடுத்தார். “பேரு அப்படியே இருக்கட்டுமாம்” என்று றஹீம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். துரை அதற்குள் அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயந்தரம் இராக்கம்மாவுக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. ஆனாலும் ஒரு குறை இருந்தது. தட்டில் ரொட்டியை வைத்துக்கொண்டே அங்கலாய்த்தாள். “இம்புட்டுக் கஷ்டப்பட்டு வண்டில உக்காந்து செஞ்சிருக்க. மனசாட்சி இருந்தா ஒனக்கு மொதலாவது குடுத்திருக்க வேணாமா அந்த டீமேக்கரு?”

நல்லம்மா ரொட்டியைப் பிய்த்தாள். இவ்வளவு நிம்மதியாக அவள் உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

“போ மதினி. பாவம்னு நெனைச்சா மொதலாவது குடுப்பாங்க. பாவம் பாத்து யாராச்சும் நாலாவது குடுப்பாங்களா?”